அளவு ஜாக்கெட்

இடது கை இரண்டங்குலம் அதிகம்.
புறங்கையில் எலும்பு தெரியவில்லை.
அளந்தது நான்தான்,
கழுத்தில் எப்போதும் தொங்கும் அதே டேப்பால்.
திருத்துறைப்பூண்டியில் பாதிப் பெண்களின் கையை
நோட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவளுக்கு
தன் கை பிடிபடவில்லை.

தஞ்சாவூரில் மார்பை எடுத்தபோது
அக்குளிலிருந்து பதினான்கு முடிச்சுகளையும் எடுத்தார்கள்.
சீட்டில் எண்ணிக்கை இருந்தது.
பட்டன் எண்ணுவதுபோல எண்ணியிருப்பார்களோ என்று
அப்போது சிரித்தேன்.
ஒன்றரை வருஷம் ஒன்றுமில்லை.
பிறகு ஓர் ஐப்பசி, முகூர்த்த அவசரம்,
விரலில் ஊசி ஏறியது.
மறுநாள் கை முழுக்கச் சிவப்பு, தூக்கிப் போடும் ஜுரம்.
ஜுரம் இறங்கியது.
கை இறங்கவில்லை.

தண்ணீரைக் குறை என்றார்கள்.
எண்ணெய் போட்டு அழுத்தித் தேய் என்றார்கள்.
அழுத்தித் தேய்த்தேன்.
இன்னும் கொஞ்சம் உப்பியது.

திருவாரூரில் ஜெனிட்டா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.
கையைத் தொடவேயில்லை.
வயிறு எழும்ப மூச்சிழுக்கச் சொன்னாள்.
காறையெலும்புக்கு மேல் குழியில்
விரலை வைத்து வைத்து எடுத்தாள்.
வீக்கம் இங்கே, வேலை அங்கேயா,
இதற்கா மூன்று மணி நேரம் பஸ்
என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
கழுத்து முடிந்து வலது பக்கத்து அக்குள்.
மார்புக்குக் குறுக்கே, தழும்புக்கு மேலாக, ஒரு வழி.
பிறகு தோள். பிறகு முழங்கைக்கு மேல்.
விரல்களுக்கு வந்துசேர
முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அப்போதுதான் உறைத்தது.
வெள்ளம் நின்ற வருஷம்
என் வீட்டுக்காரர் வயலில் என்ஜின் வைத்து இறைத்தார்,
டீசல் தீரும் மட்டும்.
பகலில் இறைத்த தண்ணீர்
இரவில் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.
அங்கே கீழே, வடிகால் கடலைத் தொடும் இடத்தில்
வெங்காயத்தாமரை அடைத்துக் கிடந்தது.
அதை வெட்டி இழுத்த மூன்றாம் நாள்
மேலே யாரும் எதுவும் செய்யாமலே
வரப்பு தலை தூக்கியது.
பாசன வாய்க்காலைத் தலையிலிருந்து வாரலாம்.
வடிகாலை வாயிலிருந்துதான்.

ஜெனிட்டாவின் விரல் அழுத்தாது.
விரித்த ஜார்ஜெட்டை ஒரு நூல் நகர்த்துகிற கனம்.
தோல் போய் வரும்,
அடியிலிருக்கும் சதைக்குச் சேதி தெரியாது.
பிறகு பஞ்சு, பிறகு கட்டு:
விரல் விரலாகச் சுற்றி, மணிக்கட்டில் இறுக்கி,
மேலே போகப்போகத் தளர்த்தி.
கட்டோடுதான் பயிற்சி.
மூடித் திற, முழங்கை மடக்கு, தோளை உருட்டு.
கரை இல்லாத ஆற்றில் மதகுக்கு என்ன வேலை?

நான்காவது வாரம் கேட்டேன்:
சரியாயிடுமா?
"குறையும்க்கா. தினம் பாத்துக்கணும்."
அதற்கு மேல் இனிப்பு தடவவில்லை.
அது எனக்குப் பிடித்தது.
முறைத் தண்ணீர் ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு
தினம் போய்ப் பார்ப்பது புதிதல்ல.

இப்போது முக்கால் அங்குலம், ஒரு நூல்.
துவைத்த கட்டு ஜன்னல் கம்பியில் காய்கிறது,
வாடிக்கைக்காரர்கள் லைனிங் துணி என்று நினைக்கிறார்கள்.
விரலுறை மாட்டாமல் ஊசியைத் தொடுவதில்லை.
சில ஞாயிறு, அலுப்பில், கட்டாமல் படுத்துவிடுகிறேன்;
திங்கள் காலை மோதிர விரல் காட்டிக்கொடுக்கிறது.

நேற்று முத்துப்பேட்டையிலிருந்து ஒருத்தி வந்தாள்.
முந்தானையை வலது கை மறைய இழுத்துவிட்டிருந்தாள்.
அளவு ஜாக்கெட் கொண்டு வரலை என்றாள்,
பழசு எதுவும் ஒரு கை ஏற மாட்டேங்குது.
ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டு கையையும் தனித்தனியாக அளந்து
நோட்டில் இரண்டு வரியாக எழுதினேன்.
அவள் என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
தைக்க ஒரு வாரம் ஆகும் என்றேன்.
செவ்வாய்க்கிழமை திருவாரூர் பஸ் ஆறேகாலுக்கு.
ஜன்னல் சீட்டு போட்டு வைக்கிறேன்.